மருந்தை அளந்த மலைகள்

பாலக்காட்டுக் கணவாயின் தெற்கே நெல்லியாம்பதியில் எழுந்து பரம்பிக்குளம், ஆனைமலை, மறையூர், மூணாறு வழியாக இடுக்கியின் ஏலமலைவரை நீளும் மலைத்தொடரும், கணவாயின் வடக்கே அட்டப்பாடியையும் நீலகிரியையும் உள்ளடக்கிய மலைகளும் இன்று தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லையாக அறியப்படுகின்றன. தேயிலை, ஏலம், சந்தனம், கரும்பு ஆகியவற்றின் வரலாற்றில் இம்மலைகள் பெற்றுள்ள இடம் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், ஒரு மருந்தின் உட்பொருளை ஆய்வகத்தில் அளந்து அதன் தகுதியை முடிவு செய்யும் தொழில் தென்னிந்தியாவில் வேரூன்றியதும் இந்த நிலப்பரப்பில்தான் என்பது அதிகம் பேசப்படவில்லை. இன்று நீரிழிவு மருந்துகளை மனிதக் குருதியின் பிளாஸ்மாவில், அதாவது குருதியணுக்களைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் வெளிர்மஞ்சள் நீர்மத்தில், நானோகிராம் கணக்கில் அளக்கும் நுட்பத்தின் முன்வரலாறு இம்மலைகளில் வளர்ந்த ஒரு மரத்தின் பட்டையோடும் ஒரு கொடியின் இலையோடும் பிணைந்திருக்கிறது.

அந்த மரம் சின்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன், அதாவது தமிழகத்து மக்கள் கொயினா என்று வழங்கிய பொருள், இம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. தென்னமெரிக்க ஆண்டீஸ் மலைகளில் மட்டுமே விளைந்த அதனை இந்தியாவுக்குக் கொண்டுவர கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பிரித்தானிய அரசு மேற்கொண்ட முயற்சியின் பயனாக, 1860க்குப் பின் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் உருவாயின. உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் கிரஹாம் மக்கைவர் அவற்றை வளர்த்தெடுத்தார். தண்டனை பெற்ற சீனக் கைதிகளும் அங்கே உழைத்தனர். 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபின், மூணாற்றைச் சுற்றிலும் தோட்டக்காரர்கள் காப்பியோடு சின்கோனாவையும் நட்டனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாண அரசு ஆனைமலையிலும் சின்கோனா பயிரிட்டதன் அடையாளமாக, வால்பாறைக்கு அருகே சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. மரங்கள் இருந்த சரிவுகளில் இப்போது தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தேயிலை வளர்கிறது.

மற்றத் தோட்டப் பயிர்களை நிறத்தாலும் மணத்தாலும் எடையாலும் தரம் பிரிக்க முடிந்தது. சின்கோனாப் பட்டையை அப்படிப் பிரிக்க இயலவில்லை. ஒரே தோட்டத்தின் இரு மரங்களில், பார்வைக்கு வேறுபாடற்ற பட்டைகளில், குயினைன் பலமடங்கு கூடியும் குறைந்தும் இருந்தது. தண்டைப் பாசியால் மூடி வைத்தால் மீண்டும் வளரும் பட்டையில் மருந்துப்பொருள் மிகும் என்று மக்கைவர் கண்டறிந்ததும்கூட ஆய்வகப் பகுப்பாய்வால்தான் உறுதிப்பட்டது. எனவே, பட்டையின் வேதியியலை மட்டுமே ஆராய்வதற்கென அரசுக் குயினைனியல் அறிஞர் என்ற பதவி ஏற்படுத்தப்பட்டு, 1866இல் ஜான் பிராட்டன் நீலகிரிக்கு அனுப்பப்பட்டார். பட்டையைப் பொடித்துச் சுண்ணாம்போடு கலப்பதும், விடுபடும் மருந்துப்பொருளைச் சாராயத்திலோ எண்ணெயிலோ கரைப்பதும், அங்கிருந்து நீர்த்த அமிலத்துக்கு மாற்றுவதும், படிகமாக்கி நிறுப்பதும் அக்காலத்துப் பகுப்பாய்வின் படிகளாக இருந்தன. காரநிலையில் ஒரு கரைப்பானுக்குள் செலுத்தி அமிலநிலையில் திரும்ப எடுப்பது என்ற இந்த அடிப்படை உத்தி, முக்கால் நூற்றாண்டுக்குப்பின் மனிதக் குருதிக்கும் பொருந்துவதாயிற்று.

இந்த அளவீடு முதலில் யாருக்குப் பயன்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பட்டை ஏலம் போனபோது அதன் விலையை நிர்ணயித்தது குயினைன் விழுக்காடு. டச்சுக்காரர்கள் ஜாவாவில் வளர்த்த லெட்ஜெரியானா வகையில் அந்த விழுக்காடு மிக உயர்ந்திருந்தது. நீலகிரியில் பெருகியிருந்த செம்பட்டை வகையில் குயினைன் குறைவாகவும் சின்கோனிடின் போன்ற துணைப்பொருள்கள் மிகுதியாகவும் இருந்தன. 1860களில் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் அமைக்கப்பட்ட குழுக்கள் காய்ச்சல் நோயாளிகளிடம் இப்பொருள்களைச் சோதித்து, அவையும் ஏறத்தாழக் குயினைனைப் போலவே நோயைத் தணிப்பதாக அறிவித்தன. எனினும் சந்தை அந்த முடிவை ஏற்கவில்லை. 1880களில் இலங்கையிலிருந்து பட்டை பெருமளவில் குவிந்து விலை சரிந்தபின், மூணாற்றுத் தோட்டக்காரர்கள் சின்கோனாவைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினர். வாங்குவோருக்குத் தேவையான அளவு நுட்பமாகக் கணிக்கப்பட்டது. விழுங்குவோரின் உடலில் அந்த மருந்து என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அப்போது விடை காணும் கருவி இல்லை.

பிராட்டனுக்குப்பின் அப்பதவிக்கு வந்தவர்களுள் டேவிட் ஹூப்பர் குறிப்பிடத்தக்கவர். சின்கோனாவை ஆராய வந்த அவர் தென்னிந்திய மூலிகைகள் பலவற்றையும் ஆராய்ந்து, டைமாக், வார்டன் ஆகியோருடன் இணைந்து ஃபார்மகோகிராஃபியா இண்டிகா என்ற பெருநூலை உருவாக்கினார். தமிழில் சிறுகுறிஞ்சான் என்றும் சர்க்கரைக்கொல்லி என்றும், மலையாளத்தில் சக்கரக்கொல்லி என்றும் வழங்கும் கொடியின் இலையை அவர் ஆராய்ந்து, அதிலிருந்து ஜிம்னெமிக் அமிலம் எனப்படும் பொருளைப் பிரித்து 1887இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். இலையை மென்றபின் வாயிலிட்ட சர்க்கரை மணலைப்போல் சுவையற்றிருந்ததையும், கசப்பின் உச்சமான குயினைன் சல்பேட்டுகூடச் சுண்ணக்கட்டியைப்போல் இருந்ததையும் அவர் பதிவு செய்தார். இலை தடுப்பது பெரும்பாலும் இனிப்புச் சுவையையே என்று பின்னைய ஆய்வுகள் திருத்தினாலும், சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் மதுமேகத்துக்கு வழங்கிவந்த ஒரு மூலிகையின் உட்பொருள், குயினைன் அளக்கும் பணிக்காக நீலகிரிக்கு வந்த ஒருவராலேயே முதன்முதலில் பிரிக்கப்பட்டது என்பது, இம்மலைகளின் இரு மருந்து வரலாறுகளும் சந்திக்கும் இடமாகும்.

அதே காலத்தில் நீரிழிவை அளக்கும் கலையும் தனிவழியில் வளர்ந்துகொண்டிருந்தது. நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நோயை அறியும் வழக்கம் இந்திய மருத்துவத்தில் பழைமையானது. 1776இல் லிவர்பூலில் மத்தேயு டாப்சன் அச்சிறுநீரை வற்றவைத்துச் சர்க்கரையைக் கண்டதோடு குருதிநீரும் இனிப்பதைக் குறித்தார். 1815இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் அது திராட்சைச் சர்க்கரையே என்று நிறுவினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய நீலக்கரைசல் பல தலைமுறைகளுக்கு இந்திய மருத்துவமனைகளின் அன்றாடக் கருவியாயிற்று. சோதனைக்குழாயில் 5 மி.லி. கரைசலோடு எட்டுச் சொட்டுச் சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால், சர்க்கரை இல்லையெனில் நீலமாகவே நிற்கும். சர்க்கரை மிகமிகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என மாறிச் செங்கல் நிறத்தில் படியும். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியவரும், பின்னர் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவியவருமான பேராசிரியர் எம். விசுவநாதனின் காலத்திலும், நோயாளிகள் பெரும்பாலோர் தம் நோயின் நிலையை இந்த நிறங்களைக் கொண்டே அறிந்தனர்.

இந்தச் சோதனைகள் அனைத்தும் நோயை அளந்தன, மருந்தை அளக்கவில்லை. 1921-22இல் டொராண்டோவில் கண்டறியப்பட்ட இன்சுலினுக்குங்கூட, 24 மணி நேரம் பட்டினியிருந்த 2 கிலோ முயலின் குருதிச் சர்க்கரையை 100 மி.லி.க்கு 45 மி.கி. அளவுக்கு இறக்கும் அளவைக் கொண்டே அலகு வரையறுக்கப்பட்டது. மருந்து செய்யும் வேலையைக் கொண்டு மருந்தை மதிப்பிடும் இம்முறையால் புட்டிக்குள் இருப்பதன் வலிமையை அறிய முடிந்தது. ஊசி போட்டபின் நோயாளியின் குருதியில் எவ்வளவு இன்சுலின் சுற்றுகிறது என்பதை அறிய முடியவில்லை.

மருந்தை மனிதப் பிளாஸ்மாவில் அளக்கும் முறை முதிர்ச்சி பெற்றதற்கு மீண்டும் சின்கோனாவே காரணமாக அமைந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து நின்றது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இருந்த அரசுத் தோட்டங்களின் மதிப்பு திடீரென உயர்ந்தது. மாற்றாக இருந்த அடாப்ரின் என்ற செயற்கை மருந்து, படைவீரர்களிடையே சிலருக்குப் பயன்பட்டும் சிலருக்குப் பயன்படாமலும் போயிற்று. நியூயார்க் கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் தலைமையில் இயங்கிய குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் பிராடி, சிட்னி உடன்ஃபிரெண்ட் ஆகியோர், அடாப்ரினையும் குயினைனையும் மனிதப் பிளாஸ்மாவில் கணிக்கும் முறைகளை 1943இல் வெளியிட்டனர். சில பொருள்கள் ஒளியை உள்வாங்கி வேறுநிற ஒளியாக வெளியிடும் ஒளிர்வுப் பண்பைக் குயினைன் கரைசலில் ஜான் ஹெர்ஷல் 1845இலேயே விவரித்திருந்தார். அந்த ஒளிர்வே இப்போது அளவுகோலாயிற்று. அடாப்ரின் உடல் திசுக்களில் பெருமளவு தங்கிவிடுவதால்தான் குருதியில் போதிய அளவு சேரத் தாமதமாகிறது என்று இவ்வளவீடு காட்டியது. எனவே முதல் சில நாள்கள் மிகுந்த அளவும் பின்னர்க் குறைந்த அளவும் கொடுக்கும் முறை வகுக்கப்பட்டது. கொடுத்த அளவைவிடக் குருதியில் நிலவும் அளவே மருந்தின் பயனைத் தீர்மானிக்கிறது என்ற நவீன மருந்தியலின் அடிப்படைக் கருத்து இதன்வழி உறுதிப்பட்டது.

நீரிழிவு மருந்துகளில் இக்கருத்து இரு திசைகளில் வளர்ந்தது. இன்சுலினுக்கு, நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினையும் அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளையும் பயன்படுத்திப் பிளாஸ்மா இன்சுலினை அளக்கும் முறையை 1960இல் முழுமையாக விவரித்தனர். இதற்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். மாத்திரைகளுக்கான திருப்பம் 1968இல் வந்தது. டால்புடமைடு என்ற நீரிழிவு மாத்திரையில் மருந்தின் அளவை மாற்றாமல், வயிற்றில் மாத்திரையை உதிரச்செய்யும் துணைப்பொருளை மட்டும் பாதியாகக் குறைத்துத் தயாரித்தபோது, குருதியில் மருந்தின் அளவும் சர்க்கரை இறக்கமும் தெளிவாகக் குறைந்ததை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே பெயரும் ஒரே எடையும் கொண்ட இரு மாத்திரைகள் உடலுக்குள் ஒன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கை இதனால் தளர்ந்தது. உயிர்ச்சமானம், அதாவது இரு தயாரிப்புகள் குருதியில் ஒரே அளவு மருந்தை ஒரே வேகத்தில் சேர்க்கின்றனவா என்ற சோதனை, மருந்துச் சட்டங்களுக்குள் நுழைவதற்கு இத்தகைய ஆய்வுகள் வழிவகுத்தன.

இன்று அச்சோதனை நடைபெறும் விதத்தை மெட்ஃபார்மினைக் கொண்டு விளக்கலாம். 1922இல் டப்ளினில் தொகுக்கப்பட்டு, 1957இல் பாரிசில் ழான் ஸ்டெர்னால் நீரிழிவு மருந்தாக அறிமுகமான இது, இன்று உலகெங்கும் முதல் மருந்தாக வழங்கப்படுகிறது. மாத்திரை விழுங்கிய தன்னார்வலரின் கைச்சிரையிலிருந்து அரைமணி, ஒருமணி, இரண்டுமணி எனத் தொடங்கி 24 மணிவரை பலமுறை குருதி எடுக்கப்படுகிறது. நலமான உடலில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடாதபடி, இத்தகைய ஆய்வுகளில் அவர்களுக்கு இடையிடையே குளுக்கோஸ் கரைசலும் கொடுக்கப்படுவதுண்டு. உறையாமல் காக்கப்பட்ட குருதியை மையவிலக்குக் கருவியில் சுழற்றியதும் பிளாஸ்மா மேலே தெளிகிறது. அதில் அசிட்டோநைட்ரைலைச் சேர்த்துப் புரதங்களைத் திரியவைத்து அகற்றியபின், தெளிந்த நீர்மம் எச்.பி.எல்.சி. என வழங்கும் உயர்திறன் திரவ நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்தப்படுகிறது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் இலைநிறமிகளைப் பிரிக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட முறையின் வழித்தோன்றலே இக்கருவி: நுண்துகள் அடைத்த எஃகுக் குழாய் வழியே கலவையை அழுத்தத்தில் செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் துகள்களோடு ஒட்டும் தன்மைக்கேற்ப வெவ்வேறு நேரத்தில் வெளிவருகிறது.

மெட்ஃபார்மின் நீரில் மிக எளிதாகக் கரைவதால் வழக்கமான குழாயில் ஒட்டாமல், பிளாஸ்மாவின் மற்றக் கழிவுகளோடு முந்திக்கொண்டு வெளியேறிவிடும். அதனோடு இணைசேரும் ஒரு வேதிப்பொருளைக் கரைசலில் கலந்தோ, வேறுவகைத் துகள்கள் நிரப்பிய குழாயைக் கொண்டோ அதனைத் தாமதப்படுத்துவதே பகுப்பாய்வாளரின் திறன். வெளிவரும் மருந்தை ஏறத்தாழ 235 நானோமீட்டர் புறஊதா ஒளியில் அளக்கலாம். இன்னும் நுட்பமாக, மூலக்கூறுகளை மின்னேற்றி உடைத்து நிறுக்கும் நிறைமாலைமானியால் அளக்கலாம். தெரிந்த அளவில் சேர்க்கப்படும் மற்றொரு பொருள், அகத்தரம் என்ற பெயரில், இடையில் நேரும் இழப்பைச் சரிசெய்ய உதவுகிறது. மெட்ஃபார்மின் மில்லிலிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராம் வரை உயர்கிறது. ஒரு நாளுக்குச் சில மில்லிகிராமே உட்கொள்ளப்படும் கிளிமெபிரைடு அதைவிடப் பலமடங்கு குறைந்து நானோகிராம் கணக்கில் நிற்பதால், அதற்கு நிறைமாலைமானியின் நுட்பம் வேண்டியிருக்கிறது. புதிய தயாரிப்பின் மதிப்புகள் மூலத்தயாரிப்போடு ஒப்பிடும்போது 80 முதல் 125 விழுக்காட்டு எல்லைக்குள் நம்பகமாக அடங்கினால் மட்டுமே சமானம் ஏற்கப்படுகிறது. இந்தியாவில் 2005இல் இதற்கான வழிகாட்டுதல்கள் வெளியாயின. 2017இல், நீரில் கரையும் தன்மை குறைந்த மருந்துவகைகளுக்கு உரிமம் பெற இச்சோதனை கட்டாயமாக்கப்பட்டது.

சிறுகுறிஞ்சானும் இதற்கிடையே ஆய்வகத்துக்குத் திரும்பியது. 1930இல் மஸ்கரும் கேயஸும் அதன் மருந்தியலை ஆராய்ந்தனர். 1990இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சண்முகசுந்தரம் குழுவினர் அதன் சாற்றை நீரிழிவு நோயாளிகளுக்கு நீண்டகாலம் கொடுத்துக் குருதிச் சர்க்கரையும் சர்க்கரையேறிய ஹீமோகுளோபினும் குறைந்ததைப் பதிவு செய்தனர். மூலிகையின் பயன் இவ்வாறு அளக்கப்பட்டது. எனினும் ஓர் இலையில் பல ஜிம்னெமிக் அமிலங்கள் கலந்திருப்பதால், எது, எவ்வளவு, எத்தனை மணிநேரம் குருதியில் நிற்கிறது என்பதை ஒற்றை மூலக்கூறான மெட்ஃபார்மினைப்போல் எளிதாகச் சொல்லிவிட இயலாது. சின்கோனாப் பட்டைக்கு 1866இல் காட்டப்பட்ட அதே கண்டிப்பை மூலிகைத் தயாரிப்புகளுக்கும் காட்டுவது, மரபு மருத்துவத்தை மதிப்பதன் உண்மையான வடிவமாகும்.

அளவீட்டின் வரலாறு உணர்த்தும் மற்றொரு பாடம், ஆளுக்கு ஆள் குருதி வேறுபடுகிறது என்பது. மெட்ஃபார்மினின் உறவான ஃபென்ஃபார்மின், குருதியில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி உயிர்ப்பலி வாங்கியதால் அமெரிக்காவில் 1970களின் இறுதியிலும் இந்தியாவில் 2003இலும் விலக்கப்பட்டது. அம்மருந்தைக் கல்லீரலில் சிதைக்கும் ஆற்றல் பிறப்பிலேயே குறைந்தவர்களின் பிளாஸ்மாவில் அது மிகுந்து தேங்குவதைப் பின்னர் அளவீடுகள் காட்டின. கிளிமெபிரைடு போன்றவற்றைச் சிதைக்கும் நொதியின் மரபணுவும் மக்களுக்கு மக்கள் வேறுபடுகிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தென்மாநில மக்களிடையே அதன் பரவலை ஆராய்ந்துள்ளனர்.

மலைமக்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணுப் பண்பை, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைவதற்குக் காரணமான மரபுப் பண்பை, கண்டறிந்தனர். அட்டப்பாடியிலும் அது காணப்படுகிறது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதாகக் கருதப்படும் எச்.பி.ஏ.1.சி. சோதனை, சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழும் என்ற அடிப்படையில் அமைந்தது. அரிவாளணு நோயில் அணுக்கள் விரைவில் அழிவதால், சர்க்கரை மிகுந்திருந்தாலும் சோதனை குறைவாகக் காட்டக்கூடும்; அதை நம்பி மருந்தின் அளவை முடிவு செய்தால் நோயாளி பாதிக்கப்படுவார். அத்தகையோருக்குக் குருதிக் குளுக்கோஸை நேரடியாக அளப்பதே பொருத்தமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்கும் கேரளத்தில் 25.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளது. இந்த நோய் நகரத்தோடு நின்றுவிடவில்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஏலச்சந்தைக்காகப் பட்டையை அளக்க ஓர் அறிஞரை மலையேற்றிய அரசு இயந்திரம், இன்று மலைவாழ் நோயாளிக்காக அதே அக்கறையைக் காட்டுவது கடமையாகும். இருமாநில எல்லையின் இருபுறமும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவு மருந்து தொடங்கும் முன் அரிவாளணுப் பரிசோதனையும் சிறுநீரகச் செயல்திறன் பரிசோதனையும் வழக்கமாக வேண்டும். மருந்தளவு ஆய்வுகளில் இம்மக்கள் முழு விவரமறிந்து, தம் மொழியில் கேட்டு, விருப்பத்தோடு பங்குபெறவும் அதன் முடிவுகள் அவர்களுக்கே முதலில் திரும்பவும் வழி செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் சிதையாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதடைந்தவரின் குருதியில் அது தேங்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. அந்த ஒரு பரிசோதனைக்காக மலைமக்கள் பல மணிநேரம் பயணம் செய்ய நேரும் நிலையை மாற்றுவதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.